கொள்ளையர் எழுதிய கணக்கேடு

உழவறியார், விதைப்பறியார், உழைத்துண்ணும் வழக்கம் அறவே அறியார், ஈட்டி ஏந்திச் சென்று அண்டை நாட்டான் பட்டியை உடைத்து மாடு ஓட்டிவருவதும், அவன் களஞ்சியத்தை வாரிவருவதும், அவன் மக்களைச் சிறையெடுத்து வருவதுமே அவர்தம் தொழில், அவர்தம் வாழ்வு, அவர்தம் பொருளாதாரம்! இன்றைய ஜிம்பாப்வேயின் தென்மேற்கே, 19ஆம் நூற்றாண்டில் அரசமைத்து வாழ்ந்த இண்டெபெலே மக்களைக் குறித்து வெள்ளையர் எழுதிவைத்த வரலாற்றின் சாரம் இதுதான். வேட்டையாட வந்தவன் எழுதினான். வேதம் ஓத வந்தவன் எழுதினான். நிலம் பிடிக்க வந்த குழுமத்தின் ஊழியன் எழுதினான். மூவர் எழுதியதையும் ஒன்றாகத் தைத்துப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். மட்டபெலே என்றால் கொள்ளை, கொள்ளை என்றால் மட்டபெலே! வெள்ளையர் ஆட்சி அங்கே நிலைத்திருந்த நாள்வரை இதுவே பாடம்.

எங்கோ இருண்ட கண்டம் என்று இகழப்பட்ட மண்ணில், என்றோ அழிந்த ஓர் அரசின் வரவு செலவைப்பற்றி நமக்கென்ன கவலை என்று தோழர் சிலர் கேட்கக்கூடும். கவலை உண்டு. ஒருவன் எழுதிவைத்தான் என்பதற்காக ஒன்றை உண்மையென்று ஏற்பது நம் வழக்கமன்று. எழுதியவன் யார், எப்போது எழுதினான், எழுதியதால் அவன் பையில் என்ன விழுந்தது என்று கேட்பதே நம் வழக்கம். புராணத்தை அப்படிக் கேட்டோம். ஏகாதிபத்தியத்தின் புராணத்தை மட்டும் கேளாமல் விடுவானேன்?

முதலில் அந்த மக்கள் யாரென்று சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். சூலு வேந்தன் ஷாகாவின் கீழ்த் தலைவனாயிருந்த குமாலோ குடியினன் உம்சிலிகாசி, 1820களின் தொடக்கத்தில் வேந்தனுடன் முரண்பட்டுத் தன் கூட்டத்தாருடன் வடக்கே புறப்பட்டான். இப்போது தென்னாப்பிரிக்கா எனப்படும் நிலப்பரப்பில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இடம் மாறி இடம் மாறித் தங்கினான். 1836, 1837 ஆண்டுகளில் டச்சு வழிவந்த போயர்களின் துப்பாக்கிகள் அவனைத் துரத்தின. லிம்போபோ ஆற்றைக் கடந்து, 1840 வாக்கில் மட்டோப்போ மலைகளுக்கு வடக்கிலுள்ள மேட்டுநிலத்தில் நிலைகொண்டான். 1868இல் அவன் இறந்தான். 1870இல் மகன் லோபெங்குலா பட்டமேறினான். 1893இல் அரசு வீழ்ந்தது. அம்மேட்டுநிலத்தில் அவ்வரசு வாழ்ந்தது ஐம்பத்து மூன்று ஆண்டுகள்.

ஐம்பத்து மூன்று ஆண்டுகள் ஓர் அரசு முழுவதும் களவாடியே வயிறு வளர்த்ததாம்! களவாடிய தானியத்தை எப்படிக் கொண்டுவந்தார்கள்? வண்டியுண்டா? பொதிமாட்டு வரிசையுண்டா? தலைச்சுமையன்றி வேறில்லை. ஓராள் இருபது கிலோ சுமப்பதாக வைத்துக்கொள்வோம். இருநூறு மைல் தொலைவிலிருந்து சுமையோடு நடந்துவரப் பதினைந்து நாளாகும். நாளொன்றுக்கு அவன் தின்பது முக்கால் கிலோ என்றால், வீடு வந்து சேரும்போது சுமையில் பாதி அவன் வயிற்றுக்குள் போயிருக்கும். படை கிளம்புவதோ மழையற்ற திங்கள்களில் மட்டும். மிச்சத் திங்களெல்லாம் பல்லாயிரம் மக்கள் எதைத் தின்றார்கள்? காற்றையா? இந்த எளிய கணக்கைக்கூடப் போட்டுப் பாராத பேரறிஞர்கள்தாம் அம்மக்களுக்கு எண்ணத் தெரியாது என்று எழுதியவர்கள்!

தின்றது சோளம், கம்பு, கேழ்வரகு. தின்றது தட்டைப்பயறும் நிலக்கடலையும் பூசணியும் தர்ப்பூசணியும், மழை ஏமாற்றாத ஆண்டுகளில் மக்காச்சோளமும். இப்பட்டியலைப் படிக்கும் தோழர்க்கு நம் வானம்பார்த்த சீமையின் நினைவு வருமானால் வியப்பில்லை. கம்பும் கேழ்வரகும் சோளமும் ஆப்பிரிக்க மண்ணில் பிறந்து, ஆப்பிரிக்க உழவர் கையால் பயிராகப் பண்பட்டு, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து இந்நிலம் வந்தவை. நம் பாட்டன் குடித்த கூழ் அவர்கள் கொடுத்த கூழ். அந்தக் கண்டத்து மனிதனுக்கு விதைக்கத் தெரியாது என்று எவனோ எழுதினான். அதையும் நாம் ஆங்கிலத்தில் படித்துத் தலையாட்டினோம்!

அந்த மேட்டுநிலத்தில் மழை குறைவு, நம்பத்தகாத மழை. ஆகவேதான் வறட்சி தாங்கும் தானியங்களை முதன்மையாக வைத்தார்கள். மழை தொடங்குமுன் ஆடவர் மரம் வெட்டிக் காடு திருத்துவர். இரும்பு மண்வெட்டியால் கொத்தி, விதைத்து, களையெடுத்து, கதிர் அடித்துக் குவிப்பது பெரும்பாலும் பெண்களின் பாடு. வேலை மிகுந்த நாளில் ஒரு வீட்டார் சோளக்கள் காய்ச்சி ஊராரை அழைப்பர். ஊர் திரண்டு ஒரே நாளில் அந்நிலத்தை முடித்துக்கொடுக்கும். ‘இலிமா’ என்பது அதன் பெயர். அரசனுக்கென்று தனி வயல்கள் இருந்தன. குடும்பங்களுக்கென்றும் தனித்தனி வயல்கள் இருந்தன. படைப்பிரிவு என்று வெள்ளையர் எழுதியதெல்லாம் எந்நேரமும் ஈட்டி தீட்டிக்கொண்டிருந்த கூட்டமன்று. இளைஞர்களை ஒரு பிரிவாகத் திரட்டுவர்; அவர்கள் அரசனின் மாடு மேய்ப்பர், ஊர் கட்டுவர், போர் வந்தால் போவர்; பின்னர் மணம் முடித்து, அந்தப் பிரிவே ஓர் ஊராகி, உழுதுண்ணும் குடிகளாக அமர்ந்துவிடும். பாளையத்தைப் பார்த்தவன் ஊரைப் பார்க்கவில்லை; ஈட்டியைப் பார்த்தவன் மண்வெட்டியைப் பார்க்கவில்லை. மண்வெட்டி பெண் கையில் இருந்ததாலோ என்னவோ, அது துரைமார் கண்ணுக்குப் பொருளாதாரமாகத் தோன்றவில்லை!

இங்கே ஒரு வேடிக்கை. நாட்டுக்குள் வந்த வேட்டைக்காரனும் பாதிரியும் தம் வயிற்றுக்கு என்ன செய்தார்கள்? மணியும் துணியும் கொடுத்து அம்மக்களிடமே தானியம் வாங்கினார்கள். காலையில் அவர்கள் விளைத்த சோளத்தை வாங்கித் தின்றுவிட்டு, மாலையில் அவர்களுக்கு விளைக்கத் தெரியாது என்று நாட்குறிப்பு எழுதினார்கள்.

இனி மாடு. மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் வைத்த மொழி நம்முடையது. ஆகவே இண்டெபெலே வாழ்வில் மாடு என்னவாயிருந்தது என்பதை விளக்க நாம் அதிகம் பாடுபடத் தேவையில்லை. புளித்த பால் அன்றாட உணவு. தோல் ஆடையாயிற்று, பாயாயிற்று, கேடயமாயிற்று. பெண்ணுக்குப் பரிசம் மாடு. குற்றத்துக்குத் தண்டம் மாடு. விழாவுக்கு விருந்து மாடு. மந்தையை எங்கே மேய்ப்பது, எப்போது நகர்த்துவது என்பதில் அவர்கள் தேர்ந்த அறிவு பெற்றிருந்தனர். வடக்கே தாழ்நிலத்தில் செட்சி ஈ உண்டு. கடித்தால் மாடு சாகும். அந்த எல்லையைத் துல்லியமாக அறிந்து, கோடையில் ஈரம் காயாத பள்ளங்களுக்கு ஓட்டி, மழை வந்ததும் மேட்டுக்குத் திருப்பினர். 1860களின் தொடக்கத்தில் தெற்கிலிருந்து நுரையீரல் நோய் புகுந்து மந்தைகளைத் தாக்கியது. மீண்டும் பெருக்கினார்கள். ஈனுகிற மாட்டுக்கு ஈட்டி தேவையில்லை, மேய்ப்பவன் வேண்டும்.

மாடு யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வியைத் தோழர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இதில்தான் வஞ்சகத்தின் வேர் இருக்கிறது. அரசனுக்குரிய மாடுகள் இருந்தன; அவை ஊர் ஊராகக் குடிகளிடம் மேய்ச்சலுக்கு விடப்பட்டன. குடிகளுக்குச் சொந்தமான மாடுகளும் இருந்தன. மகனுக்கு மகன் இறங்கின, பரிசமாகக் கைமாறின, விற்கவும் பட்டன. செல்வமுடையவன் இல்லாதவனிடம் மாடு விடுவான். மேய்ப்பவன் பாலை உண்பான், காலப்போக்கில் ஒரு கன்றையும் பெறுவான். விட்டவனுக்கு ஆளடிமையும் செல்வாக்கும் கிட்டும். நம் ஊரில் மாட்டை வாரத்துக்கு விடுவது போன்ற ஏற்பாடு. ஏழைக்கு அது பால் ஊற்றிற்று என்பதும் உண்மை. ஏழையைக் கட்டிப்போட்டது என்பதும் உண்மை.

கைத்தொழிலும் வாணிகமும் இல்லாமலில்லை. இரும்பு உருக்குவதில் கைதேர்ந்தவர் ஷோனா மக்கள். அவர்தம் மண்வெட்டிகள் திறையாகவும் பண்டமாற்றாகவும் வந்தன. வடக்கே ஷாங்வே நாட்டுப் புகையிலை பெயர்பெற்றது. அதுவும் திறையாக வந்தது. தந்தமும் தீக்கோழி இறகும் தெற்கே போயின. துணியும் மணியும் துப்பாக்கியும் குதிரையும் வடக்கே வந்தன. தந்த வாணிகத்தை அரசன் தன் கைக்குள் வைத்திருந்தான். யானை வேட்டைக்கு வரும் வெள்ளையன் அவன் ஒப்புதலின்றி நாட்டில் கால் வைக்க இயலாது. இளைஞர் பலர் கிம்பர்லி வைரச் சுரங்கங்களுக்கு நடந்து சென்று உழைத்துத் துப்பாக்கியோடு திரும்பினர்.

அப்படியானால் கொள்ளையே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. மறைக்க மாட்டோம். திறை மறுத்த ஷோனாத் தலைவர்கள்மீது படை சென்றது, மாடு பறித்தது, சிறுவரையும் பெண்களையும் பிடித்துவந்தது. பறிகொடுத்தவன் அழுகை பொய்யன்று. ஆனால் டேவிட் பீச் 1974இலும் ஜூலியன் காப்பிங் 1976இலும் இந்தச் சான்றுகளை வரிவரியாகச் சோதித்தபோது தெரியவந்தது என்ன? படையெடுப்புகள் எல்லாத் திக்கிலும் ஆண்டு முழுவதும் நிகழ்ந்தவை அல்ல. ஷோனா நாட்டின் பெரும்பகுதி இண்டெபெலே பிடிக்குள் வந்ததேயில்லை. ஷோனாத் தலைவர்களும் தமக்குள் மாடு பறித்தார்கள், சிலபோது இண்டெபெலே படையையே முறியடித்தார்கள். கொள்ளை அந்தப் பொருளாதாரத்தின் ஓர் உறுப்பு, அடித்தளம் அன்று. அடித்தளம் வயலிலும் பட்டியிலும் இருந்தது.

வெள்ளையன் பொய்யை மறுக்கும் ஆர்வத்தில் வேறொரு பொய்யைக் கட்டுவோரும் உண்டு. அந்நியன் வருமுன் எல்லாம் பொற்காலம், அரசன் தந்தை, குடிகள் மக்கள் என்று பாடுவோர் அவர்கள். நாம் அந்தப் பாட்டுக்குத் தாளம் போடுவதற்கில்லை. தெற்கிலிருந்து வந்த மூலக்குடியினர் மேல். வழியில் சேர்த்துக்கொள்ளப்பட்ட சோத்தோ, துசுவானா மக்கள் நடு. வந்த மண்ணில் வாழ்ந்திருந்த கலங்கா, ரோஸ்வி, ஷோனா மக்கள் கீழ். அமஹோலே என்று அழைக்கப்பட்ட அந்தக் கீழ்த்தட்டினரே தொகையில் மிக்கவர். மேல்தட்டார் கீழ்த்தட்டாரோடு மணவுறவு கொள்வதை இழிவென்றனர். ஆங்கிலேயர் அதைக் குறிக்கச் சாதி என்னும் சொல்லையே எடுத்தாண்டனர். அந்தச் சொல்லின் நாற்றம் நமக்குப் புதிதன்று. ஆயினும் அங்கே சிறையாக வந்த சிறுவன் வீரனாகி, மாடு பெற்று, ஊர்த்தலைவனாகவும் ஆக முடிந்தது என்பதைக் குறிக்காவிட்டால் நடுநிலை தவறியவராவோம். புதுக்கதிர் விழாவாகிய இன்சுவாலாவில் அரசன் சடங்கு முடித்து வாய் வைக்குமுன் குடிமகன் தன் வயலின் கதிரைத் தின்னலாகாது. மழையும் அரசன் வரவழைப்பதாம்! மழை பெய்தால் மன்னன் பெருமை, பொய்த்தால் எவனோ செய்த சூனியம். சூனியக்காரன் என்று பட்டஞ்சூட்டப்பட்டவனின் மாடுகள் அரசனுக்கு! இந்த வித்தையை நாம் அறியோமா? உழைத்தவள் ஒருத்தி, வாழ்த்தப்பட்டவன் ஒருவன் என்பது அங்கும் இருந்தது. ஆனால் அந்த அநீதியைத் திருத்த வந்தேன் என்று மாக்சிம் துப்பாக்கியோடு வந்தவன் செய்ததென்ன?

1888 அக்டோபர் 30ஆம் நாள், செசில் ரோட்சின் ஆளாகிய சார்லஸ் ரட் என்பான் லோபெங்குலாவிடம் ஓர் ஒப்பந்தத்தில் அடையாளம் பெற்றான். திங்களுக்கு 100 பவுன், 1,000 துப்பாக்கி, 1,00,000 தோட்டா, சாம்பசி ஆற்றில் ஒரு பீரங்கிப் படகு; இவற்றுக்கு ஈடாக நாட்டின் கனிமம் அனைத்தும்! பத்து வெள்ளையருக்குமேல் தோண்ட வரமாட்டார்கள் என்று வாயால் சொன்னார்கள். எழுத்தில் அது இல்லை. மொழிபெயர்த்தவர் யார்? ஹெல்ம் என்னும் பாதிரியார். 1859இலேயே இன்யாத்தியில் கோயில் கட்டி முப்பதாண்டு ஓதியும் விரல்விட்டு எண்ணத்தக்க ஆட்களே மதம் மாறினர். அரசு உடைந்தாலன்றி ஆண்டவன் நுழையமாட்டான் என்ற முடிவுக்குப் பாதிரிமார் வந்திருந்தனர். ஏமாற்றம் தெரிந்து லோபெங்குலா இரு தூதரை இலண்டனுக்கே அனுப்பினான். 1889 அக்டோபரில் அரசியாரின் பட்டயம் ரோட்சின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் குழுமத்துக்குக் கிடைத்தது.

1890இல் கிழக்கே ஷோனா நாட்டைப் பிடித்தார்கள். தேடிய அளவு தங்கம் அங்கே கிடைக்கவில்லை. பார்வை மேற்கே திரும்பிற்று. 1893 ஆகஸ்டில், விக்டோரியாக் கோட்டையில், படைக்கு ஆள் சேர்க்க ஓர் உடன்பாடு எழுதினார்கள். அதன் விதிகளை நிதானமாகப் படிக்க வேண்டும். போருக்கு வரும் ஒவ்வொருவனுக்கும் 6,000 ஏக்கருக்குமேல் நிலம். 20 தங்கச் சுரங்க உரிமை. கொள்ளையிடும் மாடுகளில் பாதி குழுமத்துக்கு, மறுபாதி அதிகாரிகளும் ஆட்களும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள. கொள்ளை என்ற சொல்லை நாம் புகுத்தவில்லை, தோழர்களே! அவர்கள் கையால் எழுதிய சொல் அது. வெற்றிக்குப் பின் மாடு பங்கிட அமைத்த குழுவுக்குக் கொள்ளைக் குழு என்றே பெயர் வைத்தார்கள். கொள்ளையால் வாழும் காட்டுமிராண்டிகளை ஒடுக்கப் புறப்பட்ட நாகரிகத்தின் படை, கொள்ளைக்குப் பங்கு பேசி, எழுதி, கையொப்பமிட்டுவிட்டுப் புறப்பட்டது!

அக்டோபர் 25இல் ஷாங்கானியிலும் நவம்பர் 1இல் பெம்பேசியிலும் மாக்சிம் துப்பாக்கி பேசிற்று. லோபெங்குலா தன் தலைநகர் புலவாயோவைத் தானே தீயிட்டு வடக்கே போனான். துரத்தி வந்தவர்களுக்குப் பணிவுச் செய்தியோடு ஒரு பை பொன்னும் அனுப்பினான்; கையில் வாங்கிய இரு சிப்பாய்கள் பொன்னைத் தாமே வைத்துக்கொண்டு செய்தியை மறைத்தனர். 1894 தொடக்கத்தில் அவன் இறந்தான்.

இப்போது நாம் மனத்தில் இருத்தச் சொன்ன கேள்விக்கு வருவோம். மாடு யாருக்குச் சொந்தம்? குழுமம் சொன்னது: மட்டபெலே நாட்டில் தனியுடைமை கிடையாது, மாடெல்லாம் மன்னனுக்கே, மன்னனை வென்றவர்கள் நாங்கள், ஆகவே மாடெல்லாம் எங்களுக்கே! பார்த்தீர்களா, எழுத்து எப்படிப் பத்திரமாயிற்று என்பதை? பயணியும் பாதிரியும் எழுதிய ‘எல்லாம் அரசனுடையது’ என்ற ஒரு வரி இலட்சக்கணக்கான மாடுகளுக்கு விற்பனைச் சீட்டாயிற்று. இரண்டாண்டு ஓட்டிச் சென்றது போக எஞ்சியதிலும் ஐந்தில் இரண்டு பங்கை 1895இல் குழுமம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அம்மக்களுக்கே ‘வழங்கிற்று’. நிலமும் அப்படியே போயிற்று. மேட்டுநிலம் வெள்ளையர் பண்ணைகளாக, மக்களுக்கென்று 1894இல் ஒதுக்கப்பட்டவை நீரற்ற குவாயும் ஷாங்கானியும். 1918இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அந்நிலம் யாருடையது என்று தீர்ப்பளித்தது: குழுமத்துக்குச் சொந்தமில்லை, குடிகளுக்கும் சொந்தமில்லை, பிரிட்டிஷ் முடிக்கே சொந்தம்! குடிசைக்கு 10 ஷில்லிங் வரி என்ற சட்டம் 1894இலேயே வந்துவிட்டது. உழைக்கத் தெரியாதவன் என்று ஏசப்பட்டவனைச் சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் உழைப்பாளியாக இழுத்துவர வரியும் வேண்டியிருந்தது, போலீசும் வேண்டியிருந்தது.

1896 மார்ச்சில் மக்கள் பொங்கி எழுந்தனர். வெட்டுக்கிளி, வறட்சி, எஞ்சிய மாட்டையும் வாரிச்சென்ற வெக்கைக் கொள்ளை நோய், இவற்றுக்கெல்லாம் மேலாக அடிமை வேலை. எழாமல் என் செய்வர்? மட்டோப்போ மலைக்குகைகளில் நின்று போரிட்டார்கள். வெள்ளைப் படை எப்படி வென்றது? குகை குகையாகத் தேடித் தானியத்தைப் பறித்தது. வயலையும் களஞ்சியத்தையும் எரித்தது. பஞ்சத்தைக் கொண்டு பணியவைத்தது. விதைக்கவே தெரியாத மக்களின் களஞ்சியங்களை எரிக்க ஒரு படை மாதக்கணக்கில் அலைந்ததாம்! அந்தப் படையின் செயலறிக்கையே அவர்கள் எழுதிய வரலாற்றுக்கு மறுப்புரை.

பொய் அதை எழுதினவனோடு சாவதில்லை. விடுதலை பெற்ற ஜிம்பாப்வேயில், 1983 முதல், ஆட்சியிலிருந்தோரின் ஐந்தாம் படைப்பிரிவு மட்டபெலே நாட்டு ஊர்களுக்குள் புகுந்தது. கலகக்காரரை ஒடுக்குவதாகப் பெயர். பல்லாயிரம் எளிய மக்கள் கொல்லப்பட்டனர்; 1987 டிசம்பர் 22இல் கட்சிகள் உடன்பாடு கண்ட பின்னரே அது ஓய்ந்தது. அடிக்கும்போது அந்தச் சிப்பாய்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று, உங்கள் பாட்டன்மார் எங்கள் பாட்டன்மாரின் மாட்டைக் களவாடினார்கள் என்பது. ரோட்சின் ஆட்கள் தம் கொள்ளையை மூட எழுதிய பாடத்தை, ரோட்சை எதிர்த்து விடுதலை பெற்றவர்களே ஒப்பித்தனர். அடிபட்டுச் செத்தவர்களில் பலர் கலங்கா வழியினர், ரோஸ்வி வழியினர், ஷோனா வழியினர். அந்த அரசில் கீழ்த்தட்டில் வைக்கப்பட்டு, அதன் வயல்களைக் கொத்தி, அதன் மந்தைகளை மேய்த்தவர்களின் பேரப்பிள்ளைகள்.